பதில் வருவதற்குள்

அவள் எழுதிய இணையப் பக்கம் மறுபடியும் அதையே சொன்னது: "ஆர்டர் எதுவும் இல்லை." சர்வரில் பதினேழு ஆர்டர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறது, இது இல்லவே இல்லை என்று சாதிக்கிறது! வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். சாயங்காலமாகியும் பிடிபடவில்லை, அவளுக்கு அழுகை முட்டியது.

பக்கத்து நாற்காலிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அடியே, ஒரு வரி முடிஞ்சாத்தான் அடுத்த வரின்னு நினைச்சியா? சாதாரணக் கணக்குன்னா அப்படித்தான். சர்வர் எங்கேயோ இருக்கு. கேள்வியை அனுப்பிட்டு புரோகிராம் நிக்காம அடுத்த வரிக்கு ஓடிடும். பதில் வர்றதுக்குள்ள நீயே 'இல்லை'ன்னு எழுதிட்டே. அந்தக் கேள்விக்கு முன்னாடி 'அவெய்ட்'னு, அதாவது காத்திருன்னு போடு. இந்த வேலை மட்டும் காத்திருக்கும், மத்ததெல்லாம் நடக்கும்."

போட்டாள். பதினேழும் வந்து நின்றன.

"இதுக்கா மூக்கைச் சிந்துனே?" என்று சிரித்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

இவளுக்கோ அந்த 'பதில் வர்றதுக்குள்ள' மனசை விட்டுப் போகவில்லை. கணவனுக்குக் கப்பலில் இன்ஜின் வேலை. முகம் பார்த்து ஏழு மாதம். "ஒப்பந்தத்தை நீட்டிக்காம வந்துடுங்களேன்" என்று ஞாயிற்றுக்கிழமை, கப்பல் துறைமுகத்தை விடும் நேரத்தில் கேட்டிருந்தாள். நடுக்கடலில் சிக்னல் கிடையாது, கரைக்கு வந்தால்தான் செய்தி போகும், வரும். தெரியாதவளா? நன்றாகத் தெரியும். இருந்தும் நாலு நாள் மௌனம் அவளைத் தின்றது. இன்று காலை ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "எனக்காக ஒண்ணும் வரவேண்டாம், அங்கேயே இருங்க" என்று தட்டிவிட்டாள். பாவி மனசு!

அதை அழித்துவிட வேண்டும். இழுப்பறையில் காலையிலிருந்து கிடந்த போனை எடுத்தாள். இரண்டு செய்திகள் வந்திருந்தன.

முதலாவது, திங்கட்கிழமையே கடலில் எழுதி வைத்தது, இன்று கரை தொட்டதும்தான் கிளம்பியிருக்கிறது. "கண்டிப்பா வர்றேன். கேப்டன்கிட்ட சொல்லிட்டேன். உன் பக்கத்துல சும்மா உட்கார்ந்தாலே போதும் எனக்கு."

அடுத்தது இன்று மதியம். "உன் செய்தி பார்த்தேன். இன்னும் ஆறு மாசத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன். கப்பல் கிளம்புது. உடம்பைப் பார்த்துக்கோ."

உடனே அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு குரல். அவர் வேண்டும், இப்போதே வேண்டும், வேறெதுவும் வேண்டாம் அவளுக்கு. மறுபடி அழைத்தாள். அதே குரல்தான் வந்தது.