டிங்கா வராத காலை

கைபேசி அடித்தபோது கேஸா நான்காம் கொட்டடியின் அடித்தளத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, மரச் சுரண்டியால் செங்கல்லில் படிந்த பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள். கொட்டடி என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. போர் முடிந்த குளிர்காலத்தில் சுவர்ப் பலகைகளை ஊர்க்காரர்களே பிடுங்கிக்கொண்டு போய்க் கோழிக்கூண்டு கட்டிக்கொண்டார்கள். மிஞ்சியது முழங்கால் உயரம்கூட இல்லாத செங்கல் வரிசைகளும், முகாம் வாசல் இருந்த இடத்தில் இரண்டு கான்கிரீட் தூண்களும், சுற்றிலும் கேட்பாரில்லாமல் முளைக்கிற பிர்ச் மரங்களும்தான். கைதிகள் அடுக்கிய அந்தச் செங்கற்களைக் காப்பாற்றுவதுதான் கேஸாவும் அவள் கூட்டாளிகளும் சேர்ந்து செய்கிற வேலை. சம்பளம் கிடையாது, முட்டி வலி உண்டு. இரும்பு படக்கூடாது, தண்ணீரைப் பீய்ச்சக்கூடாது, அவசரப்படவே கூடாது. ஆயுசில் பாதியைத் தபால் வண்டியில் ஓடியே கழித்துவிட்டு ஓய்வு பெற்ற கேஸாவுக்கு மூன்றாவதுதான் பெரும்பாடு.

பேசியது புடாபெஸ்டிலிருந்து யூதித். அவளுடைய அம்மா ஷரோல்தா, பதினேழு வயதில், போர்க்காலத்தில் ஜெர்மன்காரர்கள் நடத்திய இந்த ஓஸ்டர்லோ முகாமில் அடைபட்டுக் கிடந்தவள். வருஷா வருஷம் ஏப்ரல் நினைவு நாளுக்கு இங்கிருந்து அழைப்பு போகும். வருஷா வருஷம் உடம்பு சரியில்லை என்று பதில் வரும். இந்த வருஷம் என்ன தோன்றியதோ, எண்பதைத் தாண்டிய பிறகு, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கிறவர்களில் பயணம் செய்யத் தெம்புள்ளவள் அவள் ஒருத்திதான். கேஸாவுக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ங்க," என்றாள் யூதித். "அங்க நாய் ஏதாவது இருக்குமா?"

"நாயா?"

"அம்மா எங்கிட்ட எதுவுமே சொன்னதில்லை. எதிர்ல நாய் வந்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாங்க. குட்டியா இருந்தாலும் சரி. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பெட்டியெல்லாம் கட்டிட்டு இப்ப உட்கார்ந்துக்கிட்டுச் சொல்றாங்க, அங்க நாய் இருக்கான்னு கேளு, இருந்தா நான் வரலைன்னு."

"ஒரு நாய்கூடக் கிடையாதுங்க!" என்றாள் கேஸா. "நாயைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு தூண்கிட்டயே போர்டு வச்சிருக்கோம். நீங்க தைரியமாக் கூட்டிட்டு வாங்க."

கைபேசியைப் பையில் போட்டுவிட்டுச் சுரண்டியை எடுக்கக் கையை நீட்டினாள். சுரண்டிக்குப் பக்கத்தில், அவளுடைய பூட்ஸ் மேலேயே மோவாயை வைத்துக்கொண்டு, டிங்கா படுத்திருந்தது.

அடிப் பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள் கேஸா. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை அது. அந்தப் புதர்க்காட்டுச் சீமையில் யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள். நாய் என்றால் பட்டணத்துக்காரர்கள் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வருவது; சோபாவில் ஏறிப் படுப்பது. மந்தையை ஓட்டுகிற நாய் நாய்க் கணக்கிலேயே வராது. அது வேலைக்கு வருகிற ஆள். இடையன் ஹாயோ வந்தான் என்று யாரும் அங்கே சொல்வதில்லை; ஹாயோவும் டிங்காவும் வந்தார்கள் என்றுதான் சொல்வார்கள். காப்பி நேரத்தில் வெண்ணெய் கேக்கின் முதல் துண்டு டிங்காவுக்குத்தான் போகும். இப்போதுதான் முதல் தடவையாகக் கேஸா அதை வெளியாள் கண்ணால் பார்த்தாள். கறுப்பு உடம்பு, நிமிர்ந்த காது, ஓநாய் உயரம்.

திரும்பக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று கைபேசியை எடுத்தாள். சொன்னால் அந்த அம்மாள் பெட்டியை அவிழ்த்துவிடுவாள். இனி ஒரு வருஷம் காத்திருக்க அவளுக்கு ஆயுசு இருக்கிறதோ இல்லையோ. கைபேசியை உள்ளே வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஹாயோவிடம் விஷயத்தைச் சொன்னபோது, அவன் வலைவேலியின் கம்புகளை நட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அங்கே புல்வெட்டும் இயந்திரம்தான் ஓடியது. அது பிர்ச் கன்றுகளோடு சேர்த்துச் செங்கல் முனைகளையும் கடித்துத் துப்பியது. அதைப் பார்த்துப் பொறுக்காமல், கேட்காமலேயே தன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து நின்றவன் ஹாயோ. ஆட்டு வாய்க்குக் கன்று எது, கல் எது என்று தெரியும் என்று அன்றைக்கு ஒரு வாக்கியம் பேசினான். அதற்குப் பிறகு இதுவரை அவன் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"நாலு நாளைக்கு ஆட்டை வேற எங்கயாவது ஓட்டிட்டுப் போயேன், ஹாயோ."

"எங்க ஓட்ட? ஆத்துப் பக்க மேய்ச்சல் பூரா தண்ணியில கிடக்கு."

"அப்ப டிங்காவை மட்டும் எங்கயாவது விட்டுட்டு வா."

ஹாயோ கம்பை நட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். முகம் சிவந்திருந்தது. "என் டிங்கா என்ன பண்ணுச்சு? அது பிறந்து நாலு வருஷம்கூட ஆகலை. அன்னைக்கு எவனோ முகாம் காவல்காரன் வளர்த்த நாய் எதையோ பண்ணுச்சுன்னா, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கு மட்டும் என்ன சம்பந்தம்? நானும்தான் அதெல்லாம் முடிஞ்சப்புறம் பிறந்தவ. முட்டி தேயச் சுரண்டிக்கிட்டு இருக்கேனா இல்லையா?"

ஹாயோ டிங்காவின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் தேய்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். "நாயில்லாத மந்தை," என்றான் கடைசியில். "ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேக்காதே." மறுநாள் டிங்காவைப் பக்கத்து ஊரில் இருக்கிற தன் தம்பியின் கொட்டகையில் கொண்டுபோய் அடைத்துவிட்டு, பெண்டாட்டியைப் பிறந்த வீட்டில் விட்டுவிட்டு வந்தவன் மாதிரி, யாரிடமும் முகம் கொடுக்காமல் திரிந்தான்.

ஏதாவது ஆகத்தான் செய்தது. வெள்ளி இரவு அடித்த காற்றில் ஒரு பிர்ச் மரம் வலைவேலியின் மேலேயே சாய்ந்தது. சனிக்கிழமை காலையில் கேஸா சைக்கிளை நிறுத்தும்போது ஆடுகள் ஒன்றுகூட வலைக்குள் இல்லை. கொட்டடி வரிசைகளுக்கு நடுவே, இங்கே செத்தவர்களின் பெயர்ப் பலகைகளின் கீழே, மறுநாள் விழாவுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, திக்குக்கு ஒன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. தூண்களுக்கு வெளியே பத்தடியில் நெடுஞ்சாலை. மரம் ஏற்றுகிற லாரிகள் அங்கே கண் மண் தெரியாமல் வரும்.

"டிங்காவைக் கூட்டிட்டு வந்துடறேன்," என்றான் ஹாயோ, வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. "அது வந்தா ஒரு நொடி வேலை."

"வேண்டாம். அவங்க சாயங்காலம் வந்து இறங்கறாங்க."

"லாரியில அடிபட்டுச் செத்துப்போன ஆட்டைத்தான் காட்டப் போறியா அவங்களுக்கு?"

கேஸாவுக்கு அழுகை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தம்பி ஹென்னிங்கைக் கூப்பிட்டாள். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற தீயணைப்புப் படைக்கு ஹென்னிங் தலைவன். அக்காவின் வேலை அவனுக்குப் பிடிக்காது. கிளறிக் கிளறி எதைக் கண்டாய், ஊர் மானம்தான் போகிறது என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் ஆரம்பிப்பான், அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அந்தத் தூண்களைத் தாண்டி அவன் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. சின்ன வயதில் பந்து உள்ளே போய் விழுந்தால்கூட எடுக்கப் போகமாட்டான்.

"நினைவு நாளுக்கெல்லாம் நான் வரமாட்டேன்கா, முன்னாடியே சொல்லிட்டேன்."

"உன்னை யாருடா அதுக்குக் கூப்பிட்டா? ஆடு வெளியில வந்துடுச்சு. ரோட்டுக்குப் போயிடும்."

"ரோடுன்னா அது எங்க வேலைதான்," என்றான்.

சும்மா சொல்லக்கூடாது, காப்பி ஆறுவதற்குள் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை என்பதால் எல்லோரும் நிலையத்தில் குழாய் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சீருடையோடு, கனத்த பூட்ஸோடு, தடதடவென்று வண்டியிலிருந்து குதித்து, பழக்க தோஷத்தில் தூண்களுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கேஸா அவர்களுக்கு எதிரே போய் நின்றாள்.

"மேல்சட்டையைக் கழட்டுங்கடா எல்லாரும்."

"இந்தக் குளிர்லயா?" என்றான் ஹென்னிங்.

"இந்த இடத்துல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு வரிசையா நிக்காதீங்க. கழட்டு."

ஹென்னிங் அவளைப் பார்த்தான். பிறகு தூண்களைப் பார்த்தான். சட்டையைக் கழற்றி வண்டிக்குள் எறிந்தான்; மற்றவர்களும் எறிந்தார்கள். பனியனும் கம்பளிச் சட்டையுமாக, தோளைக் குறுக்கிக்கொண்டு, அவன் முதல் ஆளாகத் தூண்களுக்கு உள்ளே காலை வைத்தான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கையை விரித்துக்கொண்டு மெதுவாக நடங்கள், ஓடாதீர்கள், கத்தாதீர்கள் என்று ஹாயோ சொல்லச் சொல்ல, பாதிப் பேர் ஓடினார்கள், மீதிப் பேர் கத்தினார்கள். பேக்கரிக்காரர் ஒரு கிடாயின் கொம்பைப் பிடிக்கப் போய் அதோடு சேர்ந்தே கொஞ்ச தூரம் போனார். ஹென்னிங் சேற்றில் முழுசாக விழுந்து எழுந்தான். "தீயை அணைக்கறதே தேவலை," என்று மூக்கைத் துடைத்தான். செங்கல் வரிசையை மிதித்துவிடக் கூடாதே என்று எல்லோரும் ஆடு மாதிரியே தாண்டித் தாண்டிப் போனார்கள். கேஸாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் இத்தனை பேர் ஒன்றாக இந்த மண்ணில் நின்று அவள் பார்த்ததே இல்லை. ஒருவழியாக மந்தை ஒன்று சேர்ந்து, பின்பக்கப் புல்வெளியைப் பார்த்து முகத்தைத் திருப்பியது.

அப்போதுதான் தூண்களுக்கு வெளியே ஒரு டாக்சி வந்து நின்றது.

முதலில் இறங்கியவள் நடுவயதுக்காரி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவள் குள்ளமாக, நீலக் கோட்டும் கைப்பையுமாக இருந்தாள். கேட்க வேண்டியதே இல்லை. கேஸா சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

"மன்னிச்சுக்குங்க, முன்னாடியே வந்துட்டோம்," என்றாள் யூதித். "பேச்சு, பூமாலை எல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடணும்னு அம்மா..."

ஷரோல்தா தூண்களுக்கு இரண்டடி வெளியிலேயே நின்றுவிட்டாள். மகளின் கையை விடவே இல்லை. அவள் தூணைப் பார்க்கவில்லை. உள்ளே ஆடுகளைப் பார்த்தாள், கைகளை விரித்துக்கொண்டு நிற்கிற ஆண்களைப் பார்த்தாள், கண்ணால் எதையோ தேடினாள்.

"ஆடு இருக்கு," என்றாள். பள்ளியில் படித்த பழைய ஜெர்மன், ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நாய் எங்க?"

கேஸா அவளைப் பட்டணத்து அம்மாள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"எங்க அப்பாவும் ஆடு வச்சிருந்தார். ஆடு இருந்தா நாய் இருக்கும். எங்க அது?"

"இருக்குதும்மா," என்றாள் கேஸா. "இல்லைன்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னேன். அது தப்பு. அதை நாங்க நாயா நினைக்கறதே இல்லை, அதனால வாயில வந்துடுச்சு. அப்புறம் சொன்னா நீங்க வரமாட்டீங்களேன்னு சொல்லாம இருந்துட்டேன். இப்ப அது இங்க இல்லை. பக்கத்து ஊர்ல அடைச்சு வச்சிருக்கோம்."

"எதுக்கு அடைச்சீங்க?"

"நீங்க வர்றீங்கன்னுதான்."

ஷரோல்தா அவளை வெகு நேரம் பார்த்தாள். போய்விடுவாள், இதோ டாக்சியின் கதவைத் திறக்கச் சொல்லப் போகிறாள் என்று கேஸா கையைப் பிசைந்தாள்.

"எனக்காக," என்றாள் ஷரோல்தா. "எனக்காக நாயைக் கட்டிப் போட்டீங்களா." அவள் பார்வை உள்ளே போயிற்று. தலை முதல் கால் வரை சேறாக நின்ற ஹென்னிங், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பேக்கரிக்காரர், ஒரு காலில் பூட்ஸ் இல்லாத ஒருத்தன். "அதனாலதான் இவங்க எல்லாம் இந்தப் பாடு படறாங்களா?"

"ஆமாம்மா."

கிழவியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அழப் போகிறாளா சிரிக்கப் போகிறாளா என்று மகளுக்கே தெரியவில்லை. "வேலை தெரியாதவங்க," என்றாள். "கையை ரொம்ப மேல தூக்கறாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, கிழட்டுப் பெட்டை ஒன்று வரிசையை ஏமாற்றிவிட்டுத் திரும்பியது. அது திரும்பினால் மற்றவை சும்மா இருக்குமா? மொத்த மந்தையும் தூண்களைப் பார்த்து, நெடுஞ்சாலையைப் பார்த்து வர ஆரம்பித்தது.

"அக்கா! தூண்கிட்ட! தூண்கிட்ட மறிக்க ஆளே இல்லை!" என்று ஹென்னிங் அலறினான்.

கேஸா திரும்புவதற்குள் ஷரோல்தா மகளின் கையை உதறிவிட்டாள். இரண்டு கைகளையும் இடுப்பளவுக்கு விரித்தாள். ஒரு கையில் கைப்பை ஆடியது. தொண்டைக்குள்ளிருந்து, யாரும் கேட்டிராத ஒரு மெல்லிய சத்தம் கொடுத்துக்கொண்டு, ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. பெட்டை ஆடு நின்றது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. அவள் அவசரப்படவே இல்லை. ஆட்டின் கண்ணைப் பார்த்தபடியே நடந்தாள். அது பின்னால் நகர்ந்தது, அதற்குப் பின்னால் மந்தை நகர்ந்தது.

யூதித் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தூண்கள் அம்மாவுக்குப் பின்னால் இருந்தன. அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஈரப் புல்லில் நீலக் கோட்டின் ஓரம் நனைய நனைய, ஆடுகளைத் தள்ளிக்கொண்டு, கொட்டடிகளின் நடுவே போய்க்கொண்டிருந்தாள்.

வரிசையில் ஹென்னிங் ஒரு எட்டு விலகி அவளுக்கு இடம் விட்டான். அவள் கைகளை எந்த உயரத்தில் வைத்திருக்கிறாள் என்று பார்த்து, தன் கைகளையும் கொஞ்சம் இறக்கிக்கொண்டான்.