ஒரே ஒரு கரண்டி

கை சரியாக ஒத்துழைக்காத பிள்ளைகளுக்குத் தாங்களே உண்ண, உடுத்தப் பழக்குவதுதான் வால்யேவோ ஊரில் வேரிசாவின் வேலை. படிப்பில் குறைவில்லை, பை நிறைய மணிகள், களிமண், பொத்தான் வைத்த பொம்மைகள். ஆறு வயது கலினாவோ அவள் தலையைக் கண்டாலே மேசைக்கடியில் புகுந்துகொள்வாள். வந்த இரண்டு முறையும் இதே கதைதான்.

"இன்னிக்கும் அவ வெளிய வரலேன்னா, நீ வீணா அலைய வேண்டாம்மா" என்று தாய் கோர்தானா வாசலிலேயே சொல்லிவிட்டாள்.

செப்டம்பரில் பள்ளிக்கூடம். கலினாவுக்குக் கரண்டி பிடிக்க வராது. பிடிக்க விட்டால்தானே? ஊட்டுவது, பொத்தான் போடுவது எல்லாம் கோர்தானாவின் கைகள்தான்.

வேரிசா உட்கார்ந்ததுமே பையைத் திறந்தாள். விருந்தாளி முதலில் ஒரு கரண்டி தின்ன வேண்டிய பிளம் பழப்பாகையும் கரண்டிகளையும் தண்ணீரையும் தட்டில் வைத்துவிட்டு, கோர்தானா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேணாங்க, முதல்ல வேலையப் பாத்துடுவோம்."

மேசைக்கடியிலிருந்து குரல் வந்தது. "பாத்தியாம்மா, இன்னிக்கும் திங்கல! மூணாவது தடவ!"

"சும்மா இருடி" என்றாள் தாய். அந்த அதட்டலில் வேகமே இல்லை.

வேரிசாவுக்குச் சுருக்கென்றது. பழப்பாகைத் தொடாத விருந்தாளியோடு யார் விளையாடுவார்கள்? அவள் பிறந்த வீட்டிலும் இதே சட்டம்தானே! பையை மூடினாள்.

"தப்புதான் கலினா. நீ குடுத்தா திங்கறேன்."

மேசை விரிப்பு அசைந்தது. முதலில் ஒரு கண், பிறகு முழுப் பெண்.

கலினா தட்டைத் தூக்கியதும் தம்ளர்கள் குளிரில் பல் அடிப்பதுபோல் கிடுகிடுத்தன. கோர்தானாவின் கைகள் பறந்து வந்தன. வேரிசா சட்டென்று தன் பையைத் தாயின் மடியில் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோங்க. உடையற சாமான்."

நான்கே அடி தூரம்தான். பாதித் தண்ணீர் வேரிசாவின் பாவாடைக்குப் போனது. பழம் கரண்டியிலிருந்து இரண்டு தரம் நழுவியது. மூன்றாம் தரம் வேரிசாவின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

"இன்னொண்ணு?" என்று கேட்டாள் வேரிசா.

"ரெண்டு கேட்டா மரியாதையில்ல அத்தை! தின்ன கரண்டியத் தண்ணித் தம்ளர்ல போடு."

பிறகு கலினா இன்னொரு கரண்டியைக் கைமுட்டியில் இறுக்கிக்கொண்டு தாயிடம் திரும்பினாள். "அம்மா, ஆ காட்டு."

கோர்தானாவுக்குக் கை ஒழியவில்லை. ஆறு வருடமாக ஊட்டியவள் வாயைத் திறந்தாள். மோவாயெல்லாம் பாகு. துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் பையை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தாள்.

"உடையற சாமானா? களிமண்ணத் தூக்க வெச்சிருக்கியே, கள்ளி!"

வீட்டுக்குள் போட்டுக்கொள்ளத் தந்த விருந்தாளிச் செருப்பைப் புறப்படும்போது வேரிசா கழற்ற, அதை வீட்டாரின் செருப்புகளோடு சேர்த்து அடுக்கினாள் கோர்தானா.

"வியாழக்கிழம வந்துடு. பழைய பாவாடையா உடுத்திட்டு வா."