நாற்பது இடது கைகள்

ஜெயராணிக்குத் துணிச்சல் கொஞ்சம் ஜாஸ்திதான். பி.எட். செய்முறைத் தேர்வுக்கு மற்றவர்கள் இலை, வேர், இதயம் என்று கைக்குப் பழகிய பாடங்களை எடுத்துக்கொள்ள, இவள் மட்டும் சிதம்பரத்திலிருந்து, உயிரியலைக் கணினியில் அலசும் உயிர்த்தகவலியலைத் தூக்கிக்கொண்டு கீரப்பாளையம் பள்ளிக்கு வந்திருந்தாள்.

"வம்ப வெலைக்கு வாங்காதடி. இதுல போச்சின்னா ஒரு வருஷம் போச்சி," என்றாள் கூடப் படிக்கும் ஸ்ரீமதி. போனால் குமராட்சியில் நடவுக்குப் போகும் அம்மாவுக்கும் இன்னொரு வருஷம் சேறுதான். அது ஜெயராணிக்குத் தெரியாததா?

அதனால் துணிச்சலுக்கு ஒரு முட்டுக்கொடுத்தாள். பயிற்சி ஆசிரியர்கள் காலங்காலமாகச் செய்யும் தில்லுமுல்லுதான். கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. வலது கைகளை மட்டும் எழுப்பினால் வகுப்பில் ஒரு மக்குகூட இல்லை.

கடலூரிலிருந்து வந்த தேர்வாளர் வைத்திலிங்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சிரிப்புக்குப் பஞ்சமான முகம். டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும் நீண்ட வரிசை, அதைக் கணினியில் கொடுத்தால் எந்த உயிருடையது என்று தேடிச் சொல்லும் என்று ஜெயராணி விளக்கினாள். ஒத்திகை பார்த்த ஐந்து வரிசைகளும் மடமடவென்று முடிந்தன.

வைத்திலிங்கம் எழுந்து வந்தார். மேசைமேல் இருந்த காகிதக் கட்டிலிருந்து, பெயர் எழுதாத வேறொரு வரிசையை உருவினார். "இது எதோடதுன்னு கேளும்மா."

கேட்டாள். நாற்பது கைகளும் உயர்ந்தன. நாற்பதும் இடது.

ஜெயராணிக்கு எழுப்ப ஒரு வலது கைகூட இல்லை. வீட்டுப்பாடமாகக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். ஆனால் தெரியாததைத் தேடக் கற்றுக்கொடுக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தாள்?

"இளவரசி, நீ சொல்லு."

இளவரசி மிரண்டுபோனாள். "டீச்சர், நான் எடது கை."

குட்டு உடைந்தது. ஜெயராணி கணினிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தெரியும். தெரியாதவங்கதான தேடணும்? வா."

வகுப்பே எழுத்து எழுத்தாகப் படிக்க, இளவரசி தட்டினாள். திரையில் பதில் வந்தது.

"ஒரைசா சட்டைவா. டீச்சர், நம்ம நெல்லு." அதோடு நிற்கவில்லை. "ரெண்டாவது வரியில வேற பேரு இருக்கே, அது நெல்லுக்குச் சொந்தமா? எத்தன எழுத்து மாறுது?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழுந்து கணினியைச் சுற்றி எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஜெயராணிக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை. மார்க்கு போனாலும் போகட்டும் என்று திரும்பினாள்.

கடைசி பெஞ்சில் வைத்திலிங்கம் இடது கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மார்க்கு முழுசா போட்டாச்சிம்மா. எனக்கு இது தெரியாது, மொதல்லேருந்து காட்டு."