சிவப்பு நூல் இல்லாத கட்டை

அப்பாவின் காரில் கோளாறு இருக்க வேண்டும். அன்று காலை ஸிக்னேவுக்கு இருந்தது இந்த ஒரே வேண்டுதல்தான். ஒரு மெக்கானிக் இப்படி வேண்டிக்கொள்வது பிழைப்புக்கு நல்லதுதான். ஆனால் அவள் கவலை பிழைப்பைப் பற்றியதல்ல.

முந்தின நாள், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் படகில் ஏறும் சரிவிலேயே அப்பா ஹால்வரின் கார் நின்றுபோனது. பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த அந்த ஃபியோர்டின் கரையில் முக்கால்வாசி வண்டிகளின் வயிற்றைத் திறந்து பார்த்த மனுஷன், தன் வண்டியைக் கிளப்ப முடியாமல் உட்கார்ந்திருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சாயங்காலமே தம்பி யோஸ்டைன் போன் செய்துவிட்டான்.

"அக்கா, அப்பா போன வாரம் காபிப் பொடியத் தபால் பெட்டிக்குள்ள வெச்சிருந்தார். டாக்டர்கிட்ட சொல்லி அவர் லைசென்ஸப் பிடுங்கிடலாம்."

"வண்டி நின்னா மனுஷன் என்னடா பண்ணுவார்? நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன். கோளாறு வண்டியிலதான்னா நீ அப்புறம் வாயத் திறக்கக் கூடாது."

"சரி. அவர்கிட்டதான்னா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

இப்போது ஹால்வர் பட்டறை மூலையில் காபியோடு உட்கார்ந்திருந்தார். அவர் நடத்திய பட்டறைதான், இப்போது மகளுடையது. "கொஞ்ச நாளா இப்படித்தாம்மா. மிதியிலேர்ந்து கால எடுத்தா செத்துப்போகுது," என்றார்.

ஸிக்னே கிளப்பினாள். ஆக்ஸிலேட்டரில் கால் இருக்கும்வரை ஒழுங்காக ஓடியது. காலை எடுத்ததும் இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் சரிந்தது, வண்டி குலுங்கி அணைந்தது. அது அவள் வயிற்றில் பாலை வார்த்தது. "பாருடா யோஸ்டைன்!" என்று வாய்விட்டே சொன்னாள்.

பிளக்குகள் சுத்தமாக இருந்தன. கம்ப்யூட்டரும் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. குழாய்களில் எங்காவது காற்றுக் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள், இல்லை. அப்போதுதான் மாற்றி யோசித்தாள். காற்று அதிகமாகவில்லை, போதவில்லை! காலை எடுத்தபின் இன்ஜினுக்கு மூச்சு போவது ஒரு சின்னக் குழாய் வழியாகத்தான். அதைக் கழற்றினாள். உள்ளே இறுக்கமாக ஒரு பிர்ச் மரக்கட்டை. வெள்ளை கூட மாறாத புதுக் கட்டை.

அது அந்தப் பட்டறையின் பழக்கம். கசிவைக் கண்டுபிடிக்கக் கட்டை செதுக்கிக் குழாய்களை அடைப்பார்கள். எடுக்க மறந்துவிடக் கூடாதென்று அதில் சிவப்புக் கம்பளி நூல் கட்டி, நுனியை வெளியே தொங்கவிடுவார்கள். விதியைப் போட்டவரே ஹால்வர்தான். நூல் கட்டாத ஒருவனை அன்றே வீட்டுக்கு அனுப்பியவர்.

இந்தக் கட்டையில் நூல் இல்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. எட்டுப் பட்டையாக இவ்வளவு அழகாகச் செதுக்க அந்த ஊரில் ஒரே ஒரு கைக்குத்தான் வரும்.

"என்ன கெடச்சுது?" ஹால்வர் எழுந்து வந்தார். அவள் கையை விரித்தாள்.

அவர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. "எந்த முட்டாள் பண்ண வேலை இது? நூல் எங்க?"

கோபம் நிஜமான கோபம். தான் செதுக்கியது என்ற நினைப்பின் சாயல்கூட அந்த முகத்தில் இல்லை. ஸிக்னே கட்டையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நான்தான். எடுக்க மறந்துட்டேன்."

அவர் அவளையே உற்றுப் பார்த்தார். மெல்ல மெல்லக் கோபம் இறங்கியது. அவள் தோளில் கை வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"விடும்மா, வேலைக்குப் புதுசா வந்தவங்க எல்லாரும் பண்றதுதான். ஆனா எங்க ஸிக்னே காதுல மட்டும் போட்டுடாத. இதுல அவ ரொம்பக் கறார். கத்துவா."

"சொல்லமாட்டேன்," என்றாள் ஸிக்னே.

குழாயை மாட்டி வண்டியைக் கிளப்பினாள். காலை எடுத்த பிறகும் இன்ஜின் நடுங்காமல் ஓடியது. ஹால்வர் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவள் அதை அணைத்துச் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.