பத்தாத ஜோடி

செபமாலை அவனுடைய இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினாள். கட்டு நிற்கவில்லை. புருஷன் பங்கிராசின் வலது கால் நேராகக் கிடந்தது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. நார்த்தாமலைக் கல்லுக்குழியில் பாறை உருண்டு விழுந்ததிலிருந்து அது அப்படித்தான். வேட்டிக் கிழிசலை இறுக்கி இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதுவும் நழுவியது.

விடிவதற்கு முன்பே செத்துப்போயிருந்தான். நெஞ்சில் கல்தூசி எப்போதும் இருந்தது. அதன்மேல் காய்ச்சல் வந்தது. அவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சிக்கு உலை வைத்த பிறகுதான் அவனைத் தொட்டுப் பார்த்தாள். உலையை இறக்கி வைத்தாள். அவன் அண்ணன் சவரிமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினாள். அழுகை வரவில்லை. வந்த பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சவரிமுத்து வந்ததும் முதலில் காலைத்தான் பார்த்தார்.

"மேசோடு மாட்டலையா?"

முடிந்தவர்கள் செத்தவர் காலுக்கு வெள்ளைக் காலுறை, மேசோடு, மாட்டித்தான் தூம்பாவில் ஏற்றுவார்கள். கோயிலுக்குப் பொதுவான அந்தப் பாடையில் பெட்டி கிடையாது. உடம்பு திறந்துதான் போகும், கால் முன்னால். கீரனூருக்கு ஆள் அனுப்பி வாங்கிவர நேரமில்லை. உச்சிக்கு முன்னால் அடக்கம் முடிய வேண்டுமென்று உபதேசியார் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் பாதத்தை ஊர் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது. சந்தையில் பிள்ளைகள் அவன் பின்னால் நொண்டிக் காட்டும், பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்காவது அது மூடிப் போக வேண்டும். அன்றைக்கு அவள் மனதில் இருந்தது அது ஒன்றுதான்.

மூலையில் சாக்கு இருந்தது. போய் எடுத்தாள்.

கால் நசுங்கி மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு கன்னியாஸ்திரி பங்கிராசுக்குப் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் குடைக்கம்பியை வளைத்துக் கொக்கி ஊசி செய்துகொண்டான். கோயிலுக்குப் பால்பவுடரோடு சீமையிலிருந்து பழந்துணி மூட்டை வரும். சட்டையும் கவுனும் அன்றைக்கே போய்விடும். கம்பளிச் சட்டையை இந்த வெயிலில் யார் போடுவது? அதெல்லாம் இவனிடம் வரும். பிரித்து நூலாக்கி, கீரனூர் ஸ்டேஷனில் படுத்துக் கிடப்பவர்களுக்குக் கால் செருப்புப் பின்னுவான். மார்கழியில் அந்தச் சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியாது. அவள் கல் உடைத்து வரும் கூலியில் வீடு நடந்தது, அவன் பின்னிக்கொண்டிருந்தான். ஊர்க்காலையெல்லாம் மூடுறீங்களே, ஒங்க காலுக்கு ஒண்ணு பின்னிக்கிட்டா என்ன என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டாள்.

"எனக்குத்தான் கூரை இருக்குல்ல" என்றான்.

சாக்கில் மேலாக ஒரு ஜோடி கிடந்தது. பச்சையும் சிவப்பும் கலந்தது. நேற்றுச் சாயங்காலம் காய்ச்சலோடு உட்கார்ந்து முடித்தது. வலது காலில் மாட்டினாள். குதிகால் உள்ளே போனது, விரல்கள் மடங்கிக்கொண்டன. சவரிமுத்து வாங்கி இழுத்துப் பார்த்தார். விறைத்த கால் இடம் கொடுக்கவில்லை.

"காய்ச்சல்ல அளவு தப்பிட்டான்" என்றவர் அரிவாள்மனையைப் பார்த்தார். "முன்னால அறுத்துவிட்ருவோம். வெரலு வெளிய கெடக்கட்டும். மேல துணியப் போட்டா யாருக்குத் தெரியப்போகுது."

அவர் அரிவாள்மனையை எடுத்து வந்தபோதுதான் அவளுக்குப் புரிந்தது. அளவு தப்பவில்லை. நீளம் குறைவு, அகலம் கூடுதல், அடியில் இரட்டைப் பின்னல். ஈர்க்குச்சியை ஒடித்து அவன் அளவெடுத்து வந்தது ஸ்டேஷன் இருளாண்டியின் காலை. பெருநோயில் விரல்கள் போய்விட்ட கால். உணர்ச்சியும் கிடையாது. தூங்கும்போது எலி கடித்தால் தெரியாது. விடிந்து ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். போன வாரம் குதிகாலில் ஒரு துண்டு போயிருந்தது. எலிப்பல் இறங்காத மாதிரிப் பின்ன வேண்டும் என்று பங்கிராசு அவளிடம் சொல்லியிருந்தான்.

"அறுக்காதீங்க" என்றாள்.

"ஏன்?"

"இருளாண்டிக்குப் பின்னுனது."

கால்மாட்டில் இருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். சவரிமுத்து கையை வேட்டியில் துடைத்தார்.

"அவரு இன்னும் தொடல. புதுசுதான்" என்றாள்.

"எந்தம்பி பின்னுனது எந்தம்பிக்கு இல்லையா? எவனோ போடுறதுக்கு இவன் வெறுங்காலோட போகணுமா?"

அவருடைய குரல் உடைந்தது. செபமாலை பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவுகள இனிமே எலி கடிக்காது" என்றாள்.

கழற்றுவது மாட்டியதைவிடச் சிரமமாக இருந்தது. ஒரு கையால் கணுக்காலை அழுத்திக்கொண்டு மறு கையால் இழுத்தாள். வந்ததும் இரண்டையும் மடியில் செருகிக்கொண்டாள். சவரிமுத்து தோள்துண்டை எடுத்துத் தம்பியின் கால்களை மூடினார். தூம்பா தெருமுனை திரும்பும்போதே துண்டு நழுவி விழுந்தது. யாரோ எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். திரும்பிய பாதம் ஊருக்கு முன்னால் ஆடிக்கொண்டே போனது. ஊர் பார்த்தது. அவளும் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

மண் தள்ளி முடித்து எல்லாரும் கிணற்றடிக்குப் போனபோது, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருளாண்டி உட்கார்ந்திருந்தார். காலில் சாக்குத் துணி சுற்றியிருந்தது. அவள் வருவதைப் பார்த்துக் கொஞ்சம் பின்னுக்கு நகர்ந்தார்.

"இன்னைக்கு வரச் சொல்லிருந்தாக தாயி. நடந்து வந்து பாத்தா தூம்பா போகுது."

மடியிலிருந்து எடுத்தாள்.

"மறைக்கக் கூடாதுண்ணே. இத அவுக கால்ல மாட்டிப் பாத்தோம். பத்தல, கழட்டிட்டோம். செத்தவுக கால்ல போட்டது வேணாம்னா சொல்லிருங்க."

அவர் ஜோடியையே பார்த்தார்.

"எங்காலுக்கு எடுத்தது அவருக்கு எப்படித் தாயி பத்தும்? முழுக்காலுல்ல அவருக்கு."

வாங்கி மாட்டப் பார்த்தார். மடங்கிய கைவிரல்களில் கம்பளி நிற்கவில்லை. இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாம் முறை அவள் எடுத்துக்கொண்டாள். மண்ணில் உட்கார்ந்து, சாக்குத் துணியை அவிழ்த்து, பாதத்தைத் தன் முழங்கால்மேல் தூக்கி வைத்தாள். கம்பளி ஒரே இழுப்பில் ஏறிக் குதிகாலில் உட்கார்ந்தது.

இருளாண்டி சுவரைத் தாண்டிப் புதுமண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டியாச்சா தாயி?" என்று கேட்டார்.

பாதம் சூடாக இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.