அறுபத்தேழு நிமிடம்

பேருந்து வந்து நின்றபோது மூத்தவளின் வலது கால் நடைபாதை விளிம்பில்தான் இருந்தது. கதவு திறந்தது. உள்ளே கூட்டம் இருந்ததென்னவோ உண்மை. ஆனால் படியில் ஒரு காலும் கம்பியில் ஒரு கையும் வைக்க இடம் இருந்தது. முந்தைய இரண்டு நாட்களும் அந்த அளவு இடத்தில்தான் தொற்றிக்கொண்டு போயிருந்தாள். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "ஏறுறியாம்மா, இல்ல வேடிக்கை பார்க்க வந்தியா?" என்றார். அவள் ஓரடி பின்னால் எடுத்து வைத்தாள். கதவு மூடிக்கொண்டது. அடுத்த பேருந்து வர முப்பத்து நான்கு நிமிடம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் குறிப்பேட்டைத் திறந்து பிடித்தபடி நின்றாள். பேனாவை மட்டும் திறக்கவில்லை.

காலையில் ஒரு பள்ளிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வீட்டில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. தங்கைக்கு அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளி. இரண்டு பள்ளிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒன்று நிஜமாகவே கைக்கெட்டும் தூரம், தெருமுனை திரும்பிப் பத்து நிமிடம் நடந்தால் போதும். இன்னொன்று ஊரின் மறுகோடியில். இரண்டு பேருந்து மாற வேண்டும். பக்கத்துப் பள்ளியில் அறிவியல் என்றால் கரும்பலகையும் ஒரு பழைய எலும்புக்கூட்டுப் படமும்தான். தூரத்துப் பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் பெற்றோரை அழைத்திருந்த நாளில், சின்னவள் அங்கே ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள்தான், எடுக்கவே இல்லை. வெங்காயத் தோல். பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் முனகத் தொடங்கி, அப்பா வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். கண்ணைச் சுற்றி வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. "அக்கா, செங்கல் செங்கலா அடுக்கி வச்ச மாதிரி இருக்கு, உள்ள யாரோ குடியிருக்கிற மாதிரி," என்று வீடு வரும்வரை அதையே பேசிக்கொண்டு வந்தாள்.

தூரம்தான் இடித்தது. அப்பா மின்தூக்கி பழுது பார்ப்பவர், வீடு திரும்ப இரவாகிவிடும். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மாலை ஆறு மணிவரை வேலை. காலையில் அப்பா சின்னவளைச் சந்திப்பு நிறுத்தம்வரை கொண்டுபோய் ஏற்றிவிடலாம். மாலையில்? சந்திப்பில் இறங்கி, நான்கு வழிச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் அடுத்த பேருந்தைப் பிடிக்க வேண்டும். பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியாக அங்கே விட முடியாது, முதல் ஒரு வருடமாவது யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். அந்த யாராவது யார் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. மூக்குக் கண்ணாடிக் கடையின் பட்டறையில் நாலரை மணிக்கு வேலை முடிகிறவள் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள்.

அதே ஒருத்திக்கு வாரத்தில் நான்கு மாலை, ஐந்தரை மணிக்கு, இயந்திர வரைபட வகுப்பு இருந்தது. பள்ளி முடித்த கையோடு பட்டறைக்குப் போனவள், நான்கு வருடம் கண்ணாடி வில்லைகளை விளிம்பு தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, கடைசியில் தனக்கென்று கேட்டுச் சேர்ந்த ஒரே விஷயம் அது. ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஆசிரியர் அவள் தாளை உயர்த்திக் காட்டி, "கோடுன்னா இப்படி இருக்கணும்," என்று ஒருமுறை வகுப்பில் சொன்னார். வீட்டுக்கு வந்து அதை யாரிடமும் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். அப்படிச் சொன்னாரா, தான்தான் கூட்டி எழுதிவிட்டோமா என்று மறுநாள் சந்தேகம் வந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

மூன்று நாள் போய்ப் பார்த்துச் சராசரி எடுக்கலாம் என்ற யோசனையும் அவளுடையதுதான். திங்கள் ஐம்பத்திரண்டு நிமிடம். செவ்வாய் ஐம்பத்தெட்டு. புதன் தொண்ணூற்றொன்று. மூன்றையும் கூட்டி வகுத்தால் அறுபத்தேழு.

புதன்கிழமை வகுப்பு இல்லாத நாள். இரவுச் சாப்பாட்டின்போது அட்டவணையை மேசையில் வைத்தாள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தடவிப் படித்தார். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, ஏறிய நேரம், இறங்கிய நேரம், காத்திருந்த நேரம் எல்லாம் தனித்தனியே எழுதியிருந்தாள்.

"நான் தினமும் ஆளுங்கள மேல ஏத்திக் கீழ இறக்குறவன்," என்றார் அப்பா. "அரை நிமிஷம் நின்னுட்டா பட்டனைப் போட்டு என்னா குத்து குத்துவாங்க தெரியுமா? பொடிசு போக ஒரு மணி, வர ஒரு மணின்னாலே ஜாஸ்தி. அதுக்கும் மேலன்னா வேணாம்."

"மூணு நாள் அலைஞ்சு பார்த்திருக்கா பெரியவ," என்றாள் அம்மா. "இவ சொன்னா அதுல அப்பீலே கிடையாது."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "சரிப்பா. பக்கத்து ஸ்கூல்னா மத்தியானம் வீட்டுக்கே வந்து சாப்பிடலாம்ல," என்றாள். குரலில் வலிய வரவழைத்த உற்சாகம். அது மூத்தவளுக்கு மட்டும் கேட்டதா, மற்றவர்களுக்கும் கேட்டதா என்று தெரியவில்லை. விண்ணப்பத்தில் நல்ல கையெழுத்துக்காரி என்று அவளைத்தான் எழுதச் சொன்னார்கள். முதல் விருப்பம் என்ற கட்டத்தில் பக்கத்துப் பள்ளியின் பெயரை எழுதினாள். அம்மா கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கல்வி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

என்னால் முடியாது, வகுப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதைத்தான் படுத்த பிறகும் புரட்டிக்கொண்டிருந்தாள். ஒருவேளை அப்பா யாரிடமாவது கேட்டு வேலை நேரத்தை மாற்றியிருப்பார். ஒருவேளை, "வகுப்புதானே, அடுத்த வருஷம் சேர்ந்துக்கோ," என்றிருப்பார்கள். அந்த இரண்டாவது வார்த்தைக்குப் பயந்துதான் தான் வாயைத் திறக்காமல் ஓர் எண்ணைப் பேசவிட்டோம் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அட்டவணையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லையே என்று தனக்குத் தானே வாதாடினாள். கடிகாரம் காட்டியதைத்தானே எழுதினோம்?

மறுநாள் காலை தலைபின்னிவிடும்போது, முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்த சின்னவள், "அக்கா, மூணாவது நாள் மட்டும் ஏன் அவ்ளோ நேரம்?" என்று கேட்டாள். சந்தேகத்தில் கேட்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கிற பிள்ளை கேட்கிற கேள்வி அது.

"ரெண்டாவது பஸ் வரவே இல்லடி."

"பிரேக்டவுனா?"

"ம்."

"ஐயோ பாவம் நீ. நின்னுட்டே இருந்தியா?"

மூத்தவள் பின்னலை இறுக்கினாள். "ஆ, வலிக்குது," என்றாள் சின்னவள்.

பட்டறையில் அன்று வேலை குவிந்திருந்தது. முன்கூடத்தில் வாடிக்கையாளர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து சீட்டு எழுதி உள்ளே அனுப்புகிறவள், ஓயாத பேச்சால் 'ரேடியோ' என்று பெயர் வாங்கியவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சீட்டைத் திருப்பி அனுப்புகிற மூத்தவளுக்கு அவள் வைத்த பெயர் 'மில்லி'. ஒவ்வொருவருக்கும் மூன்று முறை அளக்க வேண்டும். மூன்றில் ஒன்று துருத்திக்கொண்டு நின்றால் அதை அடித்துவிட்டு நான்காவதாக ஒன்று எடுக்க வேண்டும். பட்டறையின் சட்டம் அது. பதினோரு மணிக்கு ஒரு சீட்டு வந்தது. அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு, எழுபது.

மூத்தவள் எழுபதை அடித்துவிட்டுச் சீட்டைச் சன்னல் வழியே நீட்டினாள். "திரும்ப அள."

"மில்லி மேடம், மூணாவது தடவ அந்த ஆளு தும்மிட்டாரு. பாவம், வெளிய போய் உட்கார்ந்துட்டாரு. சும்மா மூணையும் கூட்டி வகுத்துப் போட்டுக்கோயேன்."

"தும்மின அளவையும் சேர்த்து வெட்டினா, போட்டவர் நேரா போய்ச் சுவத்துல முட்டுவாரு. போ, போய் அள."

"தாயே, உன் வீட்டுல எப்படித்தான் இருக்காங்களோ!" என்று ரேடியோ சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மூத்தவள் தேய்ப்பு எந்திரத்தை நிறுத்தினாள். கையில் இருந்த வில்லையின் ஓரம் கொஞ்சம் சிதறியிருந்தது. எப்போது சிதறியது என்று தெரியவில்லை. அன்று மாலை வகுப்பில் ஒரு பற்சக்கரத்தின் பக்கத்தோற்றம் வரைய வேண்டியிருந்தது. மூன்று முறை அழித்தாள். மூன்றாவது முறை தாள் நைந்து ஓட்டை விழுந்தது. ஆசிரியர் குனிந்து பார்த்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்வியின் பரிவுகூட தனக்கு உரிமையில்லாத பொருள்போல் அவளை உறுத்தியது.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவிடம், "இன்னும் ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். இவளையும் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

"முடிஞ்ச விஷயத்தை எதுக்குடி மறுபடி கிளறுற? அவ மனசை ஆத்தி வச்சிருக்கேன்." அம்மா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். "சரி, போங்க. முதல் ரெண்டு பீரியடுக்கு மேல இவ ஸ்கூலை விடக் கூடாது. ஃபாரத்தை மறக்காம எடுத்துக்கோ."

மூத்தவள் தன் கைக்கடிகாரத்தைச் சின்னவளிடம் கொடுத்தாள். சின்னவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் பேருந்தில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் உரக்க அறிவித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், "கண்டக்டர் அம்மா, நான் எப்போ இறங்கணும்?" என்று கேலி செய்தார். சந்திப்பில் இறங்கினார்கள். சாலையைக் கடந்தார்கள். இரண்டாவது பேருந்து ஆறு நிமிடத்தில் வந்தது. கூட்டம்தான். அதே ஓட்டுநர். மூத்தவளைப் பார்த்ததும், "என்னம்மா, இன்னிக்காவது ஏறுவியா?" என்றார்.

சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அதன்பிறகு நிறுத்தங்களை அறிவிக்கவில்லை.

பள்ளி வாசலில் இறங்கியபோது ஐம்பத்து நான்கு நிமிடம். மணி அடிக்கும் நேரம். பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வாசற்கதவுக் கம்பியைப் பிடித்து நின்ற சின்னவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே மூத்தவள் சொன்னாள்: "புதன்கிழமை பஸ் வந்துச்சு. நான்தான் ஏறல."

சின்னவள் திரும்பவில்லை. "ஏன்?"

"நீ இங்க சேர்ந்தா சாயங்காலம் நான்தான் வந்து கூட்டிட்டுப் போகணும். அப்புறம் என் கிளாஸுக்குப் போக முடியாது."

சின்னவளின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறாள். "ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தி நாலு. வகுத்தா ஐம்பத்தஞ்சு கூட வரல." பிறகு திரும்பினாள். அழவில்லை. அழுதிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "அப்பாகிட்ட பேப்பர்லதான் காட்டினே. என்கிட்ட வாயாலயே பொய் சொன்னே. பஸ் பிரேக்டவுன்னு. நான் உன்னைப் பாவம்னு சொன்னேன்."

"தப்புதான்."

"என்னால வர முடியாதுன்னு நேராவே சொல்லியிருக்கலாம்ல? நான் என்ன, சண்டையா போடுவேன்?"

திரும்பி வரும் பேருந்தில் இருவருக்கும் சேர்ந்தாற்போல இருக்கை காலியாக இருந்தது. சின்னவள் அதைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விருப்பத்தை மாற்றினால், அடித்த இடத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்று விண்ணப்பத்தின் அடியில் அச்சிட்டிருந்தது. மருத்துவமனை வழியில்தான் இருந்தது. மூத்தவள் மணியை அழுத்தியதும், எங்கே என்று கேட்காமல் சின்னவளும் இறங்கினாள். சலவைக்கூடத்தின் பின்வாசலில் சொல்லியனுப்பிவிட்டு நின்றார்கள். உள்ளிருந்து சூடான ஆவியும் மருந்து நெடியும் அடித்தன. அம்மா கையுறையைக் கழற்றியபடி ஓடிவந்தாள். முழங்கைவரை சிவந்து, விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. இன்னிக்கு ஐம்பத்தி நாலு நிமிஷம்தான் ஆச்சு," என்றாள் சின்னவள். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் சுவரைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மாட்டாள் என்பது மூத்தவளுக்குப் புரிந்தது. அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது.

"அப்போ புதன்கிழமை?"

"பஸ் வந்துச்சும்மா. வேணும்னே விட்டுட்டேன்."

அம்மா அவளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். உள்ளே யாரோ அம்மாவைக் கூப்பிட்டார்கள். "வரேன் வரேன்," என்று தோள் வழியே குரல் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தை வாங்கினாள். மூத்தவள் முதல் விருப்பத்தின் மேல் கோடு இழுத்து, தூரத்துப் பள்ளியின் பெயரை எழுதியிருந்தாள். அம்மா தாளைச் சுவரில் வைத்து, பேனாவை ஊன்றினாள். ஊன்றியவள் நிறுத்தினாள்.

"அப்போ சாயங்காலம் இவளை யாரு கூட்டிட்டு வர்றது?"

வெள்ளை விரிப்புகளை ஆளுயரத்துக்குக் குவித்த தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று அவர்களைக் கடந்து போனது. அது போய் முடியும்வரை மூவரும் ஒதுங்கி நின்றார்கள். அம்மா பேனாவை எடுக்கவில்லை. அவள் கை ஈரத்தில் நனைந்த தாளில், முனை நின்ற இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழுந்து, மெல்ல ஊறி, கட்டத்தின் கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டிருந்தது. சின்னவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்து, பள்ளி வாசலுக்குப் பிறகு முதல்முறையாக, அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.