காலியாக இருந்தால் நான்கு

என் தங்கை மகன் யாருடைய சைக்கிளையோ தூக்கிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டான். இன்றைக்கு அவனை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று காலையிலேயே படுக்கையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுத்தான் தங்கை கோர்ட்டுக்குப் போனாள்.

என் வேலையும் இதே சங்கதிதான். பதினெட்டு வயது ஆகாதவர்களின் குற்றப் படிவங்களை இருபத்திரண்டு வருடமாகக் கணினியில் ஏற்றுகிறேன். பெயர் இருக்காது, வழக்கு எண் மட்டும். கடைசிக் கட்டம், காரணம். ஒன்று வறுமை, இரண்டு கெட்ட சகவாசம், மூன்று படிப்பை விட்டது, நான்கு பெற்றோர் கவனிப்பின்மை. பாதிப் படிவங்களில் அதை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பாவிட்டால் கணினி நகராது. நான் சேர்ந்த வாரமே மேலாளர் சொல்லிவிட்டார்: "காலியா இருந்தா நாலு போடும்மா. யாரு கேக்கப் போறா?"

போட்டேன். வருடா வருடம் குற்றங்கள் குறைந்தன. படிவம் எழுதுகிறவர்களின் சோம்பல் ஏற ஏற நான்கு மட்டும் ஏறியது. ஆராய்ச்சியாளர்கள் வந்து வரைபடம் போட்டுப் பெற்றோரைத் திட்டினார்கள். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றேன். போன வருடம் விதியே வந்துவிட்டது: நான்கு என்று பதிவானால் பிள்ளை வீட்டுக்குப் போக முடியாது, ஒரு வருடம் காப்பகம்.

சாயங்காலம் தங்கை தனியாக வந்தாள். கையில் இருந்த தாளை நீட்டினாள். காரணம்: 4. அடியில், பதிந்தவர்: 17. அது என் எண்.

"நான் புள்ளையக் கவனிக்கலையாம். யாருக்கா அப்படிச் சொன்னது?"

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மேல்முறையீட்டுக்கு அது ஒன்றே போதும். இருபத்திரண்டு வருடப் படிவங்களும் அதோடு கிளம்பி வந்திருக்கும்.

"கம்ப்யூட்டர்ல அப்படி வந்திருக்கு" என்றேன்.

அவள் தாளை வாங்கி மடித்தாள்.

"இருக்கும்க்கா. ரெண்டு ஷிப்ட் பாக்குறேன்ல. எங்கேயோ விட்டிருப்பேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம்கூட வரவில்லை. அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் முதல் படிவம், கடைத் திருட்டு, வயது பதினான்கு. காரணம் காலி. கை தன் பாட்டுக்கு நான்கு போட்டது. இரண்டாவது படிவத்தை எடுத்தேன்.